கை மட்டும் தெரியும் நாயகன்: காமிக்ஸைத் திரைக்குக் கொண்டுவரும் வேலை

நெல்லைச் சீமையில் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைத்தால், பாட்டை நடத்தும் அண்ணாவி அந்தச் சாமியின் கதையை ஒரு மணி நேரத்திலும் முடிப்பார், விடிய விடியவும் இழுப்பார். நாட்டு வளம் சுருங்கும், வர்ணிப்பு நீளும், அந்த வருஷத்து விலைவாசிகூட நடுவில் வந்துவிட்டுப் போகும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விளக்குச் சுடரில் பிறந்தது, பசி பொறுக்காமல் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றது, அதனால் கைலாசத்தில் இருக்க முடியாமல் பூமிக்கு இறங்கியது ஆகிய மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் முன்வரிசைக் கிழவிகள் கேட்டுவிடுவார்கள். சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டு வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் சாமியாடிக்கு அருள் இறங்காது. எதை நீட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். காமிக்ஸ் நாயகனைத் திரைக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பாட்டை.

நாயகன் ஒருவனை வைத்துப் பேசினால்தான் இது விளங்கும். தென்மாவட்டத்துக் காமிக்ஸ் வாசகர்களுக்கு இரும்புக்கை மாயாவியைவிட நெருக்கமானவன் கிடையாது. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-ல் தன் முதல் இதழாக வெளியிட்டது அவன் கதையைத்தான். மூலக்கதை பிரிட்டனில் ‘வேலியண்ட்’ என்ற வார இதழில் 1962-ல் தொடங்கியது. கென் பல்மர் எழுதத் தொடங்கினார், பிறகு டாம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. மூலத்தில் மாயாவியின் பெயர் லூயிஸ் கிராண்டெல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். பின்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. இரும்புக் கை தவிர மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

திரைக்கதைக்கு முன்னால் ஒரு விதித்தாள் எழுத வேண்டும். முதல் நான்கைந்து கதைகளைப் படித்து, நாயகனின் சக்தி என்ன, எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்கு அவன் கொடுக்கும் விலை என்ன, எதைச் செய்யவே மாட்டான் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்வது. மாயாவிக்கு எழுதினால் இப்படி வரும்: மறைய வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை உடம்பில் வாங்க வேண்டும். மறைவு கொஞ்ச நேரம்தான் நிற்கும், தானாகவே கலையும். உடுத்திய துணியும் சேர்ந்து மறையும், கை மட்டும் மறையாது. அவனை முழுதாக மறைத்துவைக்க எதனாலும் முடியாது.

அடுத்த வரியில்தான் பெரும்பாலான திரைக்கதைகள் தடுக்கி விழும். முதல் கதையில் கிராண்டெல் கெட்டவன். சக்தி கிடைத்ததும் குற்றத்தில்தான் இறங்குகிறான். திருந்தி அரசாங்கத்து உளவு வேலைக்குப் போவதெல்லாம் பின்னால். லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு வந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு) அப்படித்தான். 1965-ல் பிரிட்டிஷ் ‘லயன்’ இதழில் குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்று கிளம்பியவன் அவன். இந்த இருவரையும் முதல் காட்சியிலேயே ஏழைக்கு உதவுகிற உத்தமனாகக் காட்டி, அறிமுகப் பாட்டும் வைத்துவிட்டால், உடை எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் அது வேறு ஆள். பிணம் தின்னாத சுடலையை எந்த ஊர்க் கொடையிலும் பாட முடியாது. நட்சத்திரத்தின் பிம்பத்துக்காக நாயகனின் கறையைத் துடைப்பதுதான் நம் சினிமா செய்யக்கூடிய மிகப் பெரிய துரோகம். வண்ணம் மாறுவதெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

வண்ணம் என்றதும் ஒன்று. அமெரிக்கக் காமிக்ஸ் நாயகன் ஹல்க் 1962-ல் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் வந்தான். அந்தக் கால அச்சில் சாம்பல் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் பச்சை ஆனான். எது அசல்? மாயாவி விஷயத்தில் இந்தக் கேள்வியே சுலபமாகிவிடுகிறது. அட்டையைத் தவிர உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. அவன் கோட்டு என்ன நிறம் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. விட்டுவிடக் கூடாதது பிளாஸ்கோ தீட்டிய இருட்டு. முகத்தில் பாதி நிழல், ஒரு பக்கத்து வெளிச்சம், அதில் பளிச்சிடும் உலோகம். எனவே வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டைக்குப் பதில் கறுப்புத் துணி நிறுத்துங்கள். காட்சிக்கு நிறம் திருத்துவதற்கு முன் அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கை தனியாகத் தெரியவில்லை என்றால் விளக்கை மறுபடி வையுங்கள்.

படத்தைக் கட்டத்துக்குக் கட்டம் நகலெடுத்தால் விசுவாசம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 2009-ல் வந்த ‘வாட்ச்மென்’ படம் அதற்குப் பெரிய பாடம். மூலக் காமிக்ஸ் 1986-87-ல் 12 இதழ்களாக வந்தது. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம். படக்குழு பல கட்டங்களை அப்படியே கண்முன் நிறுத்தியது, திரையரங்கில் 162 நிமிடம் ஓடியது, அப்படியும் உள்கதையாக வரும் கடற்கொள்ளையர் கதைக்கு இடம் போதவில்லை. ஆனால் மூலத்தில் அடிதடி குறுகியது, அசிங்கமானது. பார்க்கிறவனுக்கு முகம் சுளிக்கும். படத்தில் அதே அடிதடி வேகம் குறைத்து, அழகாக்கி, கைதட்ட வைப்பதாக வந்தது. சட்டகம் ஒத்துப்போனது, விதி மாறிவிட்டது. மூலத்தின் கடைசியில் வரும் ராட்சசக் கணவாயைப் படத்தில் நீக்கிவிட்டதைப் பற்றித்தான் பலர் சண்டை போட்டார்கள். என் கணக்கில் அது சின்ன மாற்றம்.

2002-ல் வந்த ஸ்பைடர்மேன் இதற்கு நேர் எதிர். 1962-ல் வந்த காமிக்ஸில் நாயகன் பீட்டர் தானே செய்த கருவியிலிருந்து நூலை வீசுவான். படத்தில் மணிக்கட்டிலிருந்தே நூல் வந்தது. இதில் ஒரு நஷ்டம் உண்டு. கையில் காசில்லாத பையன் தன் மூளையால் கருவி செய்வதும், நடுச்சண்டையில் நூல் திரவம் தீர்ந்துபோவதும் கதைக்கு நல்ல தீனி, அது போய்விட்டது. ஆனாலும் தன் அலட்சியத்தால் பெரியப்பா செத்தார் என்ற கடனை அந்தப் படம் தொடாமல் வைத்திருந்தது. அதனால்தான் அது ஸ்பைடர்மேனாகவே இருந்தது.

இனி கைவேலைக்கு வருவோம். நெல்லையில் ஒரு சின்னக் குழு, 20 நிமிடக் குறும்படம் என்று வைத்துக்கொள்வோம்.

இரும்புக் கை ஒன்று போதாது, மூன்று வேண்டும். அருகிலிருந்து எடுக்க ஒன்று, ஓட்டம் சண்டைக்கு மெத்தென்ற ஒன்று, நடிகரின் கை உள்ளே இல்லாத வெற்றுக் கை ஒன்று. நிஜ இரும்பில் செய்யாதீர்கள். பாரத்தில் நடிகரின் தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், மணிக்கட்டு வீங்கும். செருப்பு அடிப்பாகத்துக்கு வாங்கும் ஈ.வி.ஏ. நுரை ஷீட் போதும்: விரலுக்கு 2 மில்லிமீட்டர், புறங்கைக்கு 5 மில்லிமீட்டர். பின்னல் கையுறை ஒன்றை அடியில் போட்டு அதன்மேல் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற நான்குக்கும் மும்மூன்று, மொத்தம் 14 துண்டு. மூட்டில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் விரல் மடங்காது. ஒட்டுவதற்கு முன் சூடான காற்றுத் துப்பாக்கியை ஷீட்டின் மேல் ஓட்டினால் மேற்பரப்பு இறுகிப் பளபளக்கும். அதன்பின் ரப்பர் பூச்சை மெல்லியதாக மூன்று நான்கு தடவை பூசுங்கள். ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்தபிறகுதான் அடுத்தது. மேலே கறுப்பு, அதன்மேல் வெள்ளி நிறத்தைத் துணியில் தொட்டு மேடான இடங்களில் மட்டும் தேய்க்க வேண்டும். பள்ளங்களில் கறுப்பு நின்றால்தான் உலோகத்தின் கனம் கண்ணில் படும். சாதாரண எனாமல் பெயிண்டை நேரே பூசினால் முதல் மடிப்பிலேயே மூட்டில் வெடிக்கும்.

நம்மூர் வெயிலை மறந்துவிடக் கூடாது. சித்திரை மாதத்தில் கையைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் பசை இளகி விரல்கள் கழன்று கிடக்கும், ஷீட்டும் கோணிவிடும். நிழலில், தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். உள்கையுறை நான்கைந்தாவது இருக்கட்டும். வியர்வையில் நனைந்த கையுறையோடு மதியம் எடுத்தால் விரல் வழுக்கி, காலையில் எடுத்த காட்சியோடு ஒட்டாது.

வெற்றுக் கைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். கை அந்தரத்தில் திரும்பும்போது மணிக்கட்டின் பின்பக்கம் உள்ளே ஓட்டையாகத் தெரியும், கைக்குப் பதில் வெறும் கூடு. அந்த வாயை 5 மில்லிமீட்டர் வட்டத்தால் மூடி அதற்கும் உலோகப் பூச்சு கொடுங்கள். தாங்கும் கம்பியை எப்போதும் கேமராவுக்கு மறுபக்கத்திலிருந்து நுழைத்தால் கையே கம்பியின் பெரும்பகுதியை மறைத்துவிடும். அழிக்க வேண்டியது கொஞ்சம்தான் மிஞ்சும்.

கையோடு நடிகரும் அசைய வேண்டிய காட்சியில் அவருக்கு ஒரே நிற இறுக்க உடை போட்டு, பிறகு அந்த நிறத்தை நீக்குவார்கள். எல்லோரும் பச்சைக்குப் போவார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய நெற்பயிர்கள் நிற்கிற மாதங்களில் அது வேலைக்காகாது. வயல் முழுக்கப் பச்சை, அதன் சாயலும் உடைமேல் விழும். அங்கே நீலம் எடுங்கள். சூப்பர்மேன் 1978 படத்தில் இதே சிக்கல் தலைகீழாக வந்தது. நீலத் திரைக்கு முன் நீல உடை காணாமல் போகுமே என்று, அந்தக் காட்சிகளுக்கு உடையைப் பச்சை கலந்த நீலத்தில் செய்தார்கள்.

கேமராவை முக்காலியில் இறுக்கி, காலில் மணல் மூட்டை வைத்து, ஆள் இல்லாத காட்சியை ஒவ்வொரு டேக் முடிந்ததும் உடனே 20 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முடிவில் மொத்தமாக எடுக்கலாம் என்று விட்டால் வெளிச்சம் மாறியிருக்கும். மேற்கே மலையோரம், அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் ஐந்து நிமிடத்துக்குள் வெயிலும் மேகமும் மாறி மாறி வரும். ஆள் இருந்த இடம் மட்டும் வேறு வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். குவியம், ஒளியளவு, வெள்ளைச் சமன் எதுவும் தானியங்கியில் இருக்கக் கூடாது. விநாடிக்கு 24 பிரேம் எடுத்தால் ஷட்டர் வேகத்தை 1/50 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இல்லையென்றால் டியூப் லைட் துடிப்பது படத்தில் விழும். தரை ஈரமாக இருந்தால் நடிகரின் பிரதிபலிப்பையும் அழிக்க வேண்டும். நிழலில் ஆளின் பகுதி போக வேண்டும், கையின் நிழல் மட்டும் நிற்க வேண்டும். அந்தச் சின்ன நிழல் இல்லாவிட்டால் கை படத்தின்மேல் ஒட்டிவைத்ததாகத் தெரியும்.

மின்சாரம் வாங்கும் காட்சியில் நிஜ மின்சாரம் எந்த வடிவிலும் வேண்டாம். தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட் ஓடுகிறது. வேலிக்கு உள்ளே போகவே கூடாது. பலகையில் செய்த போலிப் பெட்டி, பக்கவாட்டில் விட்டு விட்டு எரியும் எல்.இ.டி., நடிகரின் உடல் விறைப்பு, பின்னால் சேர்க்கும் ஒலி, இவை போதும். நுரைக் கை சத்தமே போடாது. எவர்சில்வர் கரண்டியையும் இரும்புச் சங்கிலியையும் மைக்குக்குப் பக்கத்தில் அசைத்து ஒவ்வொரு விரல் அசைவுக்கும் தனித்தனியே ஒலி பதியுங்கள். கனத்தைக் கண்ணைவிடக் காதுதான் நம்பும்.

மேலங்கி போட்ட நாயகனை எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பனகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்று மேலங்கியைத் தூக்கி முகத்தில் சுற்றிவிடும். உவரி, இடிந்தகரைப் பக்கம் வலைக்குக் கட்டும் சின்ன ஈயக்குண்டுகளை ஓரத்து மடிப்புக்குள் ஒரு சாண் இடைவெளியில் வைத்துத் தைத்துவிடலாம். கழுத்தில் மட்டும் முடிச்சுப் போட்டால் காற்று நடிகரின் தொண்டையை நெரிக்கும். சட்டைக்குள் தோளைச் சுற்றிய வாரில் மாட்ட வேண்டும். முகமூடியை மார்புக் கவசத்தோடு சேர்த்து ஒரே துண்டாகச் செய்வதும் தவறு. 1989 பேட்மேனில் நடிகர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. 2008 படத்தில்தான் தலையைத் தனியாகப் பிரித்தார்கள்.

நாயகனின் முகம் மறைந்தால் நடிப்பு போய்விடும் என்று நட்சத்திரங்கள் பயப்படுகிறார்கள். மாயாவிக்கு முகமே கிடையாது, பாதிப் படம் கைதான் நடிக்கும். கோபத்துக்கு எந்த விரல் முதலில் மடங்கும், தயங்கும்போது கட்டைவிரல் என்ன செய்யும் என்று நடிகரும் இயக்குநரும் முன்கூட்டியே பேசிவைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவியின் அடிக்கு ஆடுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மணிக்கட்டால் எவ்வளவு பேசலாம் என்பது அங்கே தெரியும். காமிக்ஸில் மறைந்திருக்கும் கிராண்டெலின் மனசு நினைவுக் குமிழ்களில் எழுதியிருக்கும். அதை அப்படியே பின்னணிக் குரலாக்கினால் படம் வானொலி நாடகமாகிவிடும். பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூச்சுக்கும் காலடிக்கும் விரலுக்கும் கொடுங்கள்.

நீளம் இன்னொரு பொறி. மூலம் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்தது. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ‘ஐயோ, அடுத்து என்ன’ என்று ஒரு கொக்கி. தொகுத்த 60 பக்கத்தில் அப்படி 20-க்குக் குறையாமல் இருக்கும். எல்லாவற்றையும் இரண்டு மணி நேரப் படத்தில் வைத்தால் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தடவை நாயகன் சாவின் விளிம்பில் தொங்குவான், பார்க்கிறவருக்கு மரத்துப்போகும். பென்சிலால் எல்லாக் கொக்கிகளையும் குறித்து, நாலைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வலுவானது இடைவேளைக்கு. மீதியைச் சாதாரணக் காட்சியாக்கிக் கதையைப் பாயவிடலாம்.

லண்டன்காரனைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவரலாமா? தாராளமாக. ஆனால் வேட்டி கட்டிவிடுவதாலும் ‘ஏல’ என்று பேசவைப்பதாலும் அவன் நம்மூர்க்காரன் ஆகிவிட மாட்டான். விதித்தாளில் எழுதிய வரிகள் இந்த ஊரில் என்ன செய்யும் என்று பாருங்கள். மின்சாரம் வேண்டியவனுக்கு மின்வெட்டு எவ்வளவு பெரிய எதிரி! மறைவு எந்த நிமிடமும் கலையப்போகிறது, தெருவில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது, எதிரி பின்னால் வருகிறான். லண்டன் கதைக்கு இந்த இக்கட்டு சுலபத்தில் வாய்க்காது. பாளை பஸ் நிலையக் கூட்டத்தில் மறைந்து போகிறவன் கையை எங்கே ஒளிப்பான்? ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேரின் வடத்தை ஆயிரக்கணக்கான கைகள் பிடித்திருக்கும்போது அதில் இன்னொரு கையும் இருந்தால் யார் கவனிப்பார்கள்? வெயில் பட்டு ஒரு விரல் மின்னும்வரை அவன் தப்பித்தான். இந்தக் காட்சி எந்தப் பழைய இதழிலும் கிடையாது, இருந்தும் மாயாவியின் ஒரு விதியைக்கூட மீறவில்லை. அண்ணாவி தன் வர்ணிப்பில் சேர்க்கிற மாதிரி, இதைச் சேர்க்க நமக்கு உரிமை உண்டு.

சட்டப்படியான உரிமை வேறு. பழைய பிரிட்டிஷ் வார இதழ்களின் நாயகர்கள் பலர் இன்று ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனத்தின் சொத்து, மாயாவியும் அதில் அடக்கம். அனுமதி இல்லாமல் எடுத்து யூடியூபில் ஏற்றினால் என்றைக்கு வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம். விருதுக்கோ பணத்துக்கோ அனுப்புவதாக இருந்தால் முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், விதித்தாள் எழுதும் இதே முறையில் சொந்த நாயகன் ஒருவனை உருவாக்குங்கள்.

பெயர்ப் பட்டியலில் கதாசிரியரும் ஓவியரும் முதல் அட்டையிலேயே வரட்டும். சூப்பர்மேனை 1938-ல் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் தங்கள் பெயரைத் திரும்பப் பெற 1975 வரை போராட வேண்டியிருந்தது. பேட்மேனின் பாதியை உருவாக்கிய பில் ஃபிங்கரின் பெயர் திரையில் வந்தது அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு. ஸ்பைடரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவரும் அதே ஜெர்ரி சீகல்தான், இது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. மாயாவி படம் என்றால் கென் பல்மர், டாம் டல்லி, ஹெசூஸ் பிளாஸ்கோ மூவரின் பெயரும் இயக்குநரின் பெயருக்கு முன்னால், அதே அளவு எழுத்தில், தமிழில் வாசிக்கும்படி குறைந்தது நான்கு விநாடி நிற்க வேண்டும்.